கப்பல் வந்தா தும்மல் வரும்

வாசகர் கேள்விகள் – டர்பன் (தென்னாப்பிரிக்கா) பக்கம்

கேள்வி: அக்கா, கொரோனா நுழையாத ஊரே உலகத்துல கிடையாதுன்னு எங்க வீட்டுக்காரர் அடிச்சுச் சொல்றாரு. பையன் என்னடான்னா, நம்ம கேப் டவுன்ல இருந்து கப்பல் போற ஒரு தீவுல ஒருத்தருக்குக் கூட வரலைன்னு சண்டைக்கு நிக்கிறான். சாப்பாட்டு மேசையில தினமும் இதே பஞ்சாயத்து. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது, பையன் பக்கம்தான் நான். அவன் சொல்ற தீவு ட்ரிஸ்டன் ட குன்யா. பிரிட்டிஷ்காரங்களோடது, கேப் டவுன்ல இருந்து சுமார் 2,800 கிலோமீட்டர், அட்லாண்டிக் நடுவுல. மொத்த ஜனமே 240 பேருக்குப் பக்கம்தான், எல்லாரும் ஒரே ஊர்ல. நம்ம பக்கம் ஒரு கல்யாணத்துக்கு இத விட அதிகமா இலை போடுவோம். ஏர்போர்ட் கிடையாது, வருஷத்துக்கு சில தடவை கேப் டவுன்ல இருந்து கப்பல் போகும், போய்ச் சேர ஒரு வாரம் ஆகும், கடல் சரியில்லைன்னா தீவு கண்ணு முன்னாடி தெரியும் ஆனா இறங்க முடியாம கப்பல்லயே காத்துக் கெடக்கணும். 2020லயும் 2021லயும் உலகமே வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தப்ப அங்க ஒரு கேஸ் கூட இல்ல.

இதுல எனக்குப் பிடிச்ச கதை கொரோனாவுக்கு ரொம்ப முன்னாடி நடந்தது. அந்தத் தீவுல சாதாரண சளி எப்ப வருதுன்னு 1960கள்ல டாக்டர்கள் குறிச்சு வச்சுப் பார்த்தாங்க. கேப் டவுன் கப்பல் வந்து கொஞ்ச நாள்ல ஊரே மூக்கைச் சிந்தும், அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் சளி தானா அடங்கிடும். காரணம் ரொம்ப சிம்பிள். வைரஸ் உயிரோட இருக்கணும்னா புதுசு புதுசா ஆள் வேணும், 240 பேர்ல எல்லாரையும் ஒரு ரவுண்டு சுத்தி முடிச்சா அப்புறம் அதுக்குப் போக வீடு இல்ல.

ஆனா இத நம்பி அவங்க நிம்மதியா இருக்கல, அதான் விஷயமே. பல நோய் அங்க தங்காததால உடம்புக்கு அதோட பழக்கமும் இல்ல, அதுக்கு மேல அந்த ஜனங்கள்ல ரொம்பப் பேருக்கு ஆஸ்துமா வேற, இருக்கிறது சின்ன ஆஸ்பத்திரி, மூச்சு முட்டினா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரம் கப்பல்ல வரணும். அதனால வெளியாளுங்கள இறங்க விடாம ஆரம்பத்துலயே கதவைச் சாத்திட்டாங்க. 2021 ஏப்ரல்ல தடுப்பூசி எப்படிப் போச்சு தெரியுமா, ஃபாக்லாந்து தீவுகள்ல இருந்து பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒண்ணு தூக்கிட்டுப் போய்க் குடுத்துச்சு.

கேள்வி: அதே அட்லாண்டிக்ல இருக்கிற இன்னொரு பிரிட்டிஷ் தீவு செயின்ட் ஹெலினாவுலயும் கொரோனாவே இல்லைன்னு பெருமை பேசினாங்க, கடைசியில 2022ல அங்கயும் வந்துதானே தீந்துச்சு? அப்ப ரெண்டு வருஷம் ஊரைப் பூட்டி வச்சதுல என்ன பிரயோஜனம்? என் மச்சான் அங்க வேலைக்குப் போயிட்டு வர முடியாம மாட்டிக்கிட்டு, பிள்ளையோட முதல் பிறந்தநாளை போன்லதான் பார்த்தாரு, அந்தக் கோவத்துல கேக்குறேன்.
– ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: கோவம் நியாயம் தம்பி. ஜோகன்னஸ்பர்க்ல இருந்து போய்க்கிட்டிருந்த ஃபிளைட் 2020 மார்ச்சுல நின்னது, திரும்ப ஓட ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவுல இங்கிலாந்துல இருந்து எப்பவாவது ஒரு சார்ட்டர் ஃபிளைட், இறங்கினவங்கள கேம்ப்ல தனியா வச்சு டெஸ்ட் எடுத்துதான் ஊருக்குள்ள விட்டாங்க. (நம்ம நேட்டால்காரங்களுக்கு அந்தத் தீவு புதுசு இல்ல, ஜூலு ராஜா தினுஜுலுவை வெள்ளைக்காரன் 1890ல அங்கதான் கொண்டு போய் வச்சான், ஏழு வருஷம்.)

நீங்க கேட்ட பிரயோஜனத்துக்கு வர்றேன். 2022 ஆகஸ்ட்ல குவாரன்டீனை எடுத்தாங்க, சில வாரத்துலயே ஆயிரத்துக்கு மேல கேஸ், நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற தீவுல. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல மொத்தம் 2,000த்தைத் தாண்டுச்சு. சாவு? ஒண்ணு கூட இல்ல. ஏன்னா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பெரியவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஊசி போட்டு முடிச்சாச்சு, வந்ததும் ஓமிக்ரான் காலத்து, கொஞ்சம் வீரியம் குறைஞ்ச வைரஸ். ஊசியே இல்லாத 2020லயே கொரோனா இறங்கியிருந்தா அந்த ஒத்த ஆஸ்பத்திரி என்ன பண்ணியிருக்கும்? ஊசி முதல்ல வரணும், வைரஸ் பின்னாடி வரணும், அந்த வரிசைக்காகத்தான் ரெண்டு வருஷமும். உங்க மச்சானுக்கு இது ஆறுதல் இல்லைன்னு தெரியும்.

நம்ம கதையையே பாருங்க, 2020 ஆடியில டர்பன்ல முதல் அலை உச்சத்துல இருந்துச்சு, மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தக் கோயில்ல ஒண்ணாச் சேர முடியாது. பக்கத்து வீட்டு ஆயா கூழைக் காய்ச்சி பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல ஊத்தி எங்க கேட் மேல வச்சுட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டு "எடுத்துக்கோ கண்ணு, டப்பாவைத் திருப்பித் தராத"ன்னு கத்தினாங்க. டப்பாவைத் திருப்பி வாங்காத ஆயாவை அன்னிக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

கேள்வி: 1918ல பெரிய காச்சல், அதான் ஸ்பானிஷ் ஃப்ளூ, வந்தப்ப ரோடே இல்லாத உள்காட்டு ஊர்ல கூட ஜனங்க கொத்துக் கொத்தா செத்தாங்கன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. ஒதுக்குப்புறமா இருந்தா நோய் வராதுன்னு சொல்றது அப்ப பொய்யா?
– டோங்காட் வாசகர், வயசு 78

பதில்: பொய்னு சொல்ல முடியாது ஐயா, ஆனா தூரம்னா என்னன்னு பார்க்கணும். 1918 செப்டம்பர்ல முதல் உலகப் போர் வேலைக்குப் போய் பிரான்ஸ்ல இருந்து திரும்பின நம்ம நாட்டுத் தொழிலாளர் படையோட ரெண்டு கப்பல், யாரோஸ்லாவ், வெரோனெஜ், வழியில சியரா லியோன்ல நின்னுட்டு கேப் டவுனுக்கு வந்துச்சு. ஆளுங்கள கேம்ப்ல சில நாள் வச்சுப் பார்த்துட்டு ஊருக்குப் போங்கன்னு ரயில் ஏத்தி விட்டாங்க. அப்புறம் என்ன, தண்டவாளம் போன இடமெல்லாம் காச்சலும் போச்சு, சுரங்கத்துல வேலை பார்த்தவங்க பயந்து வீட்டுக்கு ஓடினாங்க, ட்ரான்ஸ்கை மாதிரி தூரத்து இடமெல்லாம் அப்படித்தான் மோசமா அடிபட்டுச்சு. சுமார் ஆறு வாரத்துல நாடு முழுக்க 3 லட்சம் பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்கு, கறுப்பு அக்டோபர்னே அதுக்குப் பேரு.

அதே வருஷம் பசிபிக்ல சமோவான்னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஆட்சி. மேற்கு சமோவாவுல நவம்பர்ல ஆக்லாந்துல இருந்து வந்த தலூனே கப்பலை நோயாளிகளோட இறங்க விட்டாங்க, அஞ்சுல ஒருத்தர் போயிட்டாங்க. அமெரிக்க சமோவாவுல கவர்னர் ஜான் போயர் கப்பலை நெருங்கவே விடல, அங்க அந்தக் காச்சல்ல ஒரு சாவு கூட இல்ல. ரெண்டும் உலகத்துல இருந்து ஒரே தூரம்தான்.

கேள்வி: அக்கா, ரிட்டயர் ஆயிட்டேன், ட்ரிஸ்டனுக்கு ஒரு டூர் போகலாம்னு ஆசை. முடியுமா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: முடியும், ஆனா டிக்கெட் வாங்கினா மட்டும் பத்தாது, அந்தத் தீவு கவுன்சில் முன்கூட்டியே அனுமதி தரணும், திரும்பி வர கப்பல்ல இடம் கிடைக்கிற வரைக்கும் தங்கப் பொறுமையும் வேணும். வாந்தி வராத வயிறு இருக்கான்னு பார்த்துக்குங்க. முக்கியமா கிளம்புற வாரம் மூக்கு ஒழுகுச்சுன்னா அடுத்த கப்பலுக்கு மாத்திக்குங்க.