தண்டர்பேர்ட்ஸ் தொடரில் கண்ணில் படும் தவறுகள்: வாசகர் கேள்வி பதில்

கே: பழைய 'தண்டர்பேர்ட்ஸ்' பொம்மைத் தொடரை இப்போது பெரிய டிவியில் பார்க்கிறேன். பொம்மைகளின் தலைக்கு மேலே கம்பி பளிச்சென்று தெரிகிறது. எடுத்தவர்கள் இதைக் கவனிக்கவே இல்லையா?

ப: கவனித்தார்கள், அதுவும் ரொம்பவே. ஜெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் உருவாக்கிய இந்தத் தொடர் 1965 செப்டம்பரில் பிரிட்டனில் ஒளிபரப்பானபோது அங்கே வீடுகளில் இருந்தது சின்னக் கறுப்பு வெள்ளைத் திரை. அதில் அந்தக் கம்பியைக் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. முடிபோல மெல்லிய டங்ஸ்டன் கம்பி அது, பின்னால் இருக்கும் செட்டின் நிறத்துக்கு ஏற்ப அதன் மேல் வண்ணம் வேறு பூசி மறைத்தார்கள். கம்பியே வேண்டாம் என்று விடவும் வழியில்லை. முன்கூட்டியே பதிவு செய்த வசனம் மின் துடிப்பாக மாறி, அந்தக் கம்பி வழியாகத்தான் தலைக்குள் இருக்கும் சோலினாய்டு என்ற சின்ன மின்காந்தச் சுருளுக்குப் போய்க் கீழுதட்டை அசைத்தது. பொம்மை பேசியதே கம்பியால்தான்.

கே: ஒரே காட்சியில் ஒரு பாத்திரத்தின் முகம் ஷாட்டுக்கு ஷாட் லேசாக மாறுகிறது. என் கண்ணில் கோளாறா?

ப: கண் நன்றாகவே இருக்கிறது. மாறுவது தலை! பொம்மையின் முகத்தில் உணர்ச்சி வராது, அதனால் முக்கியப் பாத்திரங்களுக்குச் சாதாரண முகம், சிரித்த முகம், முறைத்த முகம், கண் சிமிட்டும் முகம் என்று தனித்தனித் தலைகள் செய்து வைத்திருந்தார்கள். அடுத்த முறை தொடரின் நாயகர்களில் ஒருவரான விர்ஜில் சிரிக்கும்போது நிறுத்திப் பாருங்கள், சிரிப்பு மெல்ல விரியாது, ஒரு ஷாட்டில் வாய் மூடியிருக்கும், கட் ஆனதும் முழுச் சிரிப்போடு இருப்பார், அதற்குள் புருவமோ முடியோ கொஞ்சம் இடம் மாறியிருக்கும். இது போதாதென்று இங்கிலாந்தின் ஸ்லவ் நகரத் தொழிற்பேட்டையில் இருந்த ஸ்டூடியோவில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு எபிசோடுகளை எடுத்துக்கொண்டிருந்தன, எனவே முக்கியப் பொம்மைகளுக்கு நகல்களும் தேவைப்பட்டன. கையால் செய்த இரண்டு பொம்மைகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்குமா?

கே: பட்டனை அழுத்தும் கை மட்டும் மனிதக் கை மாதிரி இருக்கிறதே?

ப: மனிதக் கையேதான். பொம்மையின் உயரம் சுமார் 22 அங்குலம், அதன் விரலால் எதையும் பிடிக்க முடியாது. தெரிந்தே செய்ததை நான் தவறுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொம்மைகள் அதிகம் நடக்காமல் எதிலாவது ஏறிப் போய்க்கொண்டே இருப்பதற்கும் இதே மாதிரிக் காரணம்தான், நடை சரியாக வராது.

கே: கதை 2065-இல் நடப்பதாக நான் சொல்கிறேன், நண்பர் 2026 என்று அடித்துச் சொல்கிறார். யார் சரி?

ப: ஒளிபரப்பான காலத்திலிருந்து நூறு வருடம் தள்ளி என்பதுதான் ஆண்டர்சனின் கணக்கு, அப்படிப் பார்த்தால் நீங்கள் சரி. ஆனால் 'கிவ் ஆர் டேக் எ மில்லியன்' என்ற கடைசி எபிசோடில் வரும் காலண்டர் 2026 என்று காட்டுகிறது, நண்பர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் உங்கள் பக்கம்.

கே: சில எபிசோடுகளில் கதைக்கு ஒட்டாத ஒரு கிளைக்கதை நடுவில் வந்து நிற்கிறதே, ஏன்?

ப: இதற்குக் காரணம் பொம்மைகள் இல்லை, நீளம். 25 நிமிட நிகழ்ச்சியாகத்தான் தொடங்கினார்கள். முதல் எபிசோடைப் பார்த்து அசந்துபோன லூ கிரேடு (பணம் போட்டவர் அவர்தான்) இதை ஒரு மணி நேர நிகழ்ச்சியாக்கச் சொல்லிவிட்டார், விளம்பரம் போக 50 நிமிடம். அதற்குள் பல எபிசோடுகள் பழைய அளவில் எடுத்து முடிந்திருந்தன. அவற்றுக்கெல்லாம் திரும்பப் போய்ப் புதுக் காட்சிகள் எழுதி, எடுத்து, உள்ளே நுழைக்க வேண்டியதாயிற்று. பழைய ஷாட்டும் புது ஷாட்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது தையல் தெரியத்தான் செய்யும், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நெருக்கடியில் இவ்வளவு ஒட்ட வைத்ததே பெரிய விஷயம்.

கே: உங்களுக்கு மிகவும் பிடித்த படப்பிடிப்புத் தவறு எது?

ப: யோசிக்கவே வேண்டாம், முதல் எபிசோடான 'டிராப்ட் இன் தி ஸ்கை'யில் வருவது. ஃபயர்ஃப்ளாஷ் விமானத்தில் வெடிகுண்டு, சக்கரத்தில் இறங்கினால் வெடித்துவிடும், அதனால் ஓடுபாதையில் பாய்ந்து ஓடும் எலிவேட்டர் கார்களின் மேல் (விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும் வண்டிகள்) அதை இறக்க வேண்டும். மினியேச்சர் கார்களை வைத்து இதை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு காரை இழுத்துக்கொண்டிருந்த கம்பி அறுந்துவிட்டது. அப்புறம் அது தன் இஷ்டத்துக்குப் போனது. ஜெர்ரி ஆண்டர்சன் அந்த ஷாட்டைத் தூக்கிப் போடவில்லை, கதையையே அதற்கு ஏற்ப மாற்றி, கார் கட்டுப்பாட்டை இழந்ததாக வைத்து, அது நின்றிருக்கும் விமானத்தில் போய் மோதுவதையும் எடுத்துச் சேர்த்தார். அந்தக் கார் பாதையை விட்டு விலகும் நொடியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், அந்தத் தடுமாற்றத்தை யாரும் இயக்கவில்லை.