ஒரே அடியில் நேர்ந்த மரணம்: கொலை வழக்கும் சதிக் குற்றச்சாட்டும் நிற்குமா?

கேள்வி: வரப்புத் தகராறில் என் தம்பி மண்வெட்டிக் காம்பால் ஒருமுறை தலையில் அடித்ததில், பக்கத்து நிலத்துக்காரர் ஐந்தாம் நாள் மருத்துவமனையில் இறந்துவிட்டார். தம்பி மீது கொலை வழக்கு. அன்று காலை அவனுடன் செல்போனில் பேசிய என் கணவரையும் சதி செய்ததாக இரண்டாம் எதிரியாகச் (குற்றம் சாட்டப்பட்டவராகச்) சேர்த்துள்ளனர். இது நிற்குமா?

பதில்: முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிடுங்கள். ஒரே அடி என்பதாலோ, சில நாள் கழித்து இறந்தார் என்பதாலோ கொலைக் குற்றம் தானாக நீங்கிவிடாது. விர்சா சிங் வழக்கில் (1958) ஈட்டியால் வயிற்றில் ஒரே ஒரு குத்துதான். ஆனாலும், அந்தக் காயத்தை ஏற்படுத்தும் நோக்கம் இருந்து, அக்காயம் இயல்பான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதாக இருந்தால் அது கொலையே என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கொல்லும் எண்ணம் தனியே நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்ற வாதமும் சட்டப்படி எடுபடாது.

உங்கள் தம்பிக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது, பாரதிய நியாய சன்ஹிதாவில் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) கொலையை வரையறுக்கும் 101ஆம் பிரிவின் நான்காவது விதிவிலக்கு. முன்கூட்டியே திட்டமிடாமல், திடீரென மூண்ட சண்டையில், ஆத்திரத்தின் உச்சத்தில், கொடூரமாக நடந்துகொள்ளாமலும் எதிராளியின் நிலையை அநியாயமாகப் பயன்படுத்திக்கொள்ளாமலும் செய்த செயல் என்றால், அது கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றமாகி, 103ஆம் பிரிவின் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குப் பதிலாக 105ஆம் பிரிவுக்குள் வரும். அங்கும் நோக்கம் இருந்தால் ஆயுள் வரை போகலாம், மரணம் நேரக்கூடும் என்ற அறிவு மட்டுமே இருந்தால் பத்தாண்டு வரை சிறை. விதிவிலக்கைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்ட தரப்பினுடையது. மண்வெட்டி வயலிலேயே கிடந்ததா, வீட்டிலிருந்து எடுத்து வரப்பட்டதா என்ற சிறு விவரம் இங்கே பெரிதும் எடைபோடும்.

இதனால்தான் இரண்டு குற்றச்சாட்டுகளையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. சதி நிரூபணமானால் ‘திட்டமிடாத சண்டை’ என்ற வாதம் சரிந்துவிடும். உங்கள் கணவரின் வழக்கறிஞர் சொல்வது தம்பியின் வழக்கையும் பாதிக்கும்.

சதிக்கு (பிரிவு 61) இருவர் உடன்பட்டார்கள் என்பதே அடிப்படை. நேரடிச் சாட்சி அநேகமாகக் கிடைக்காது என்பதால், நீதிமன்றங்கள் சூழ்நிலைச் சான்றுகளிலிருந்து அதை ஊகித்தறிகின்றன. அதற்காகப் பழக்கமே சதியாகிவிடாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சதிகாரர்களுடன் தொடர்பு வைத்திருந்ததோ, சம்பவத்துக்குப் பின் அடைக்கலம் தந்ததோ உடன்பாட்டைக் காட்டாது என்பது அத்தீர்ப்பின் முக்கியப் பகுதி.

காவல் துறையினரிடம் உங்கள் தம்பி கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலமும் உங்கள் கணவருக்கு எதிரான சான்றாகாது. சதி நடந்துகொண்டிருக்கையில் ஒருவர் சொன்னதே மற்றவரைக் கட்டுப்படுத்தும். கைதுக்குப் பின் சொன்னது அல்ல.

மிஞ்சுவது செல்போன் அழைப்புப் பட்டியல். பேசினார்கள் என்பதை அது காட்டும், பேசியது என்னவென்று காட்டாது. இருவரும் வழக்கமாகவே தினமும் பேசுபவர்கள் என்றால், அந்த ஒரு நாளோடு நில்லாமல் முந்தைய மாதங்களின் பட்டியலையும் வரவழைக்குமாறு வழக்கறிஞர் இப்போதே மனுச் செய்யட்டும். தொலைபேசி நிறுவனங்கள் அவற்றைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை.