பாதிச் சொல்லோடு நிற்காதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "வற்றின குளத்தைக் கொக்கும் விட்டுப் போகும்" என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. அப்பா படுக்கையில் விழுந்து மூன்று வருடமாகிறது. வெள்ளாமை நல்லாக இருந்த காலத்தில் முற்றம் நிறைய நின்ற சொந்தக்காரரில் ஒருத்தரும் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. உறவு என்றாலே இப்படித்தானா?
(வாசகி, விசுவமடு)

பதில்: தங்கச்சி, அம்மா சொல்லுவது பாட்டின் முற்பாதி. ஔவையாரின் மூதுரையில் 17ஆம் வெண்பா முழுவதும் இது:

அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்
உற்றுழித் தீர்வார் உறவல்லர் - அக்குளத்தில்
கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே
ஒட்டி உறுவார் உறவு.

உங்கள் ஊர்ப் பக்கத்துச் சின்னக் குளம் ஒன்றை ஆடி, ஆவணியில் போய்ப் பாருங்கள். தண்ணீர் குறையக் குறைய மீன் ஒரு மூலையில் ஒதுங்கும். கொக்கும் நாரையும் அப்போதுதான் அதிகமாக வந்து இறங்கும். மீன் முடிந்ததும் அலைகரை வெறிச்சோடிவிடும். சேறு வெடித்துக் கிடக்கும். ஆனால் அந்த வெடிப்புக்குள் கொட்டிக்கிழங்கு இருக்கிறது, ஆம்பல் கிழங்கு இருக்கிறது. மேலே பச்சை எதுவும் தெரியாது. ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்றதும் அதே இடத்தில் இலை மிதக்கும்.

ஔவையார் வேறு நல்ல பறவையைத் தேடிக் காட்டவில்லை, சேற்றுக்குள் கிடப்பதைக் காட்டுகிறார். குளம் காயும்போது அவையும் சேர்ந்து காய்கின்றன. உங்களைப்போலவே கையில் காசில்லாத உறவுகள் இருப்பார்கள். வெறுங்கையோடு நோயாளி வீட்டுக்கு வரக் கூச்சப்பட்டு நிற்பவர்களும் உண்டு. ஒரு கொப்பியில் இந்த மூன்று வருடத்தையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்கு இரவில் கூட வந்தது யார், அரிவு வெட்டுக்கு நின்றது யார், ஒரு சுண்டு அரிசி தந்தது யார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். அம்மாவையும் பக்கத்தில் இருத்திக் கேட்டு எழுதுங்கள். "ஒருத்தரும் இல்லை" என்ற சொல் அந்தக் கொப்பியில் நிற்காது. விலகினவர்களில் இரண்டு பேருக்காவது நிலைமையை நேரே சொல்லிப் பாருங்கள். அப்பாவின் வருத்தம் எவ்வளவு என்று தெரியாமலே இருப்பவர்களும் உண்டு.

கேள்வி: பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு முழம் என் காணிக்குள் நட்டுவிட்டார். கேட்கப் போனால் மனைவி தடுக்கிறா. "இன்னா செய்தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்" என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறாராம். காணியை விட்டுவிடுவதா?
(வாசகர், நெடுங்கேணி)

பதில்: விட வேண்டாம். ஒறுத்தல் என்றால் தண்டித்தல். எல்லையை அளப்பது தண்டனை அல்ல. குறள் 314 தடுப்பது, இரவோடு இரவாகக் கதியாலைப் பிடுங்கி எறிவதையும், அவருடைய மாட்டை மறித்துக் கட்டுவதையும்.

உறுதிக் காணி என்றால் பழைய வரைபடத்தோடு உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். அளக்கிற நாளை அயலவருக்கு முன்கூட்டியே சொல்லி, அவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர் இல்லாமல் அளந்தால் அந்த அளவை அவர் ஏற்கமாட்டார், சண்டை இரண்டாகும். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். அதிலும் தீராவிட்டால் இணக்கசபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது அது. அங்கே சட்டத்தரணி வைத்து வாதாட வேண்டியதில்லை, இரண்டு பேரும் நேரே கதைக்கலாம்.

எல்லை சரியான பிறகுதான் நன்னயத்துக்கு வேலை. அதிலும் கடைசிச் சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "விடல்" என்பதற்குப் பரிமேலழகர் தரும் பொருள், அவர் செய்த தீமை, நாம் செய்த நன்மை இரண்டையும் மறத்தல். அவர் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாகப் போய் நின்றுவிட்டு, அதைச் சந்தியில் சொல்லிக்கொண்டு திரிந்தால் அவருக்கு நாணம் வராது, கோபம்தான் வரும். செய்த நன்மையைச் சொல்லிக் காட்டினால் அதுவும் ஒறுத்தல்தான்.

கேள்வி: "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம்" என்பது பிழையாம், "ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி" என்பதுதான் சரியாம். உண்மையா?
(வாசகர், மாங்குளம்)

பதில்: வாட்ஸ்அப்பில் சுற்றுகிற திருத்தம். "பேருக்கு" என்ற சொல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து செருகினால்தான் அந்தப் பொருள் வருகிறது. பழமொழி பொய்யைத்தான் சொல்கிறது. ஆனால் அது மனிதர் செய்கிறதைக் காட்டுவது, செய்யச் சொல்லுவதல்ல. பேச்சுக்காலிலேயே நான்கு விடயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: கடன், வருத்தம், முன்பு நடந்த கலியாணப் பதிவு, சீதனக் காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது.

கேள்வி: "போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து" என்பது இல்லாதவனை வாய்மூடி இருக்கச் சொல்லுவதுபோல இருக்கிறது.
(வாசகர், மல்லாவி)

பதில்: இல்லாதவனைப் பார்த்துச் சொன்னால் அப்படித்தான், அந்தக் கோபம் நியாயமானது. நக்கீரனார் அதை வேறு பக்கத்திலிருந்து சொன்னார். புறநானூறு 189இல், உலகம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளுகிறவனையும், இரவும் பகலும் தூங்காமல் வேட்டைக்கு அலைகிறவனையும் அருகருகே நிறுத்தி, இருவருக்கும் "உண்பது நாழி உடுப்பவை இரண்டே" என்கிறார். நாழியும் குறுணியும் பழைய தானிய அளவுகள். எட்டு நாழி ஒரு குறுணி; அரசனுக்கும் வயிறு அதில் எட்டில் ஒன்றுதான் கொள்ளும். அதற்குப் பிறகு வருகிற அடி, "செல்வத்துப் பயனே ஈதல்". போதும் என்ற சொல் களஞ்சியம் நிறைந்தவனுக்கு. பசித்திருப்பவன் தன் பங்கைக் கேட்பதை இந்தப் பாட்டு ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

கேள்வி: ஆரம்ப வகுப்புச் சுவரில் பேச்சைப் பற்றி ஒரு குறள் எழுத வேண்டும். எதை, எப்படி எழுதலாம்?
(ஆசிரியை, ஒட்டுசுட்டான்)

பதில்: 100ஆம் குறள்.

இனிய உளவாக இன்னாத கூறல்
கனியிருப்பக் காய்கவர்ந் தற்று

மேல் அடியில் நான்கு சீர், கீழ் அடியில் மூன்று. எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். "கனியிருப்பக்" என்பதில் க் விடுபடுவதுதான் வழக்கமான பிழை. "தற்று" என்பதைப் பிள்ளைகள் தனிச்சொல்லாக வாசிப்பார்கள். ஆகவே கீழே சின்ன எழுத்தில் "காய் கவர்ந்து அற்று" என்று பிரித்து எழுதுங்கள். அற்று என்றால் போன்றது. பத்து அடித் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், கடைசி வாங்கு 20 அடியில் இருந்தால் எழுத்து 2 அங்குல உயரம் வேண்டும். கொம்பும் சுழியும் முட்டாமல் இருக்க அடிகளுக்கு இடையில் 3 அங்குலம் விடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் எனாமல் பூசினால் உரியும், எழுதுகிற இடத்தை முதலில் சுரண்டித் துடையுங்கள்.

பாடத்தை வைகாசி, ஆனியில் வைத்தால் நல்லது. பாலைப்பழம் பழுக்கிற காலம். ஒரு பழுத்ததையும் ஒரு காயையும் பிள்ளையின் கையில் கொடுத்து, எதை எடுப்பாய் என்று கேளுங்கள்.