ஐரோப்பிய நாடு ஒன்றை ஒரே ஆண்டை வைத்துச் சொல்லச் சொன்னால் எந்த ஆண்டு? – இத்தாலி, 1978

கேள்வி இதுதான்: ஓர் ஐரோப்பிய நாட்டின் பொது வாழ்க்கையையும் அங்கே நிகழ்ந்த பெரிய மரணங்களையும் ஒரே ஆண்டை எடுத்துச் சொல்வதென்றால் எதை எடுப்பீர்கள்? மகாராணி இறந்து, மூன்று பிரதமர்கள் மாறிய 2022ஐ பிரித்தானியாக்காரர் சொல்லக்கூடும். நான் இருப்பது சிசிலியில், பலேர்மோவில். இங்கே என் பதில் 1978.

இத்தாலியனில் எழுபத்தெட்டை "செத்தாந்தோத்தோ" என்பார்கள். தமிழ்க் காதில் முதலில் என்ன விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த எங்கள் ஆட்கள் பலரைப்போல எனக்கும் வீட்டு வேலைதான். எண்பது தாண்டிய ஒரு சிஞ்ஞோராவை (நாங்கள் "அம்மா" என்பதுபோல) பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். காலையில் பேசியதை மாலையில் மறந்துவிடுவார், ஆனால் 1978ஐ நாள்வாரியாகச் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பிறகு நானாக வாசித்துத் தெரிந்துகொண்டதுதான் இதெல்லாம்.

மார்ச் 16, வியாழக்கிழமை. அன்று பிரதமர் ஆந்த்ரேயோத்தியின் புதிய அரசு நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்குக் கேட்க இருந்தது. முப்பது ஆண்டுகளாக ஆட்சிப் பக்கமே விடப்படாத கம்யூனிஸ்ட் கட்சி அதை ஆதரித்து வாக்களிக்கப் போகிறது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியையும் கம்யூனிஸ்டுகளையும் இந்த அளவுக்குக் கிட்டக் கொண்டுவந்தவர் அல்தோ மோரோ. அவர் ஐந்து முறை பிரதமராக இருந்தவர், அப்போது கட்சித் தலைவர். காலையில் வீட்டிலிருந்து வெளிக்கிட்ட அவருடைய காரை ரோமில் ஃபானி வீதியில் செம்படையணி என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு மறித்தது. காவலர் ஐந்து பேரையும் சுட்டுக் கொன்றுவிட்டு மோரோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தொழிற்சங்கங்கள் உடனே பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. சிஞ்ஞோரா பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வகுப்பறையில் தனியே உட்கார்ந்திருந்தாராம். நம்பிக்கை வாக்கெடுப்பு அன்றே நடந்து முடிந்தது.

அதன் பிறகு 55 நாள். அந்த 55 நாளும் மோரோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மனைவிக்கு, கட்சித் தோழர்களுக்கு, பாப்பரசருக்கு. பேச்சுவார்த்தை நடத்துங்கள், கைதிகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அரசு மறுத்தது, கம்யூனிஸ்டுகளும் மறுத்தார்கள். பேசிப் பார்க்கலாம் என்றது கிராக்சியின் சோசலிஸ்ட் கட்சிதான். கடிதங்களில் இருப்பது நாங்கள் அறிந்த மோரோ அல்ல, மிரட்டி எழுதவைத்தது என்று சொந்தக் கட்சிக்காரர்களே சொன்னார்கள். என்னால் தாங்க முடியாத இடம் இதுதான். உயிரோடு இருக்கிற மனிதன் தன் கையெழுத்தில் எழுதியதை, இது நீ இல்லை என்று அவனுடைய ஆட்களே சொல்வது. அரசு பணிந்திருந்தால் அடுத்த கடத்தலுக்கு வழி திறந்திருக்கும் என்பது மறுபக்க நியாயம். அதுவும் எனக்கு விளங்குகிறது. சிஞ்ஞோரா இன்றுவரைக்கும் விளங்கிக்கொள்ள மறுக்கிறார்.

மே 9ஆம் தேதி, ரோமில் காயெத்தானி வீதியில் ஒரு சிவப்பு ரெனோ 4 காரின் பின்பெட்டியில் உடல் கிடைத்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி இரண்டின் தலைமையகங்களுக்கும் கூப்பிடு தூரத்தில். அரச மரியாதை வேண்டாம், துக்க நாள் வேண்டாம், பேச்சு வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டு, தொரித்தா திபெரினா என்ற சின்ன ஊரில் தாங்களே அடக்கம் செய்தார்கள். நான்கு நாள் கழித்து லத்தரான் பேராலயத்தில் அரசு தன் பங்குக்கு இறுதிச் சடங்கை நடத்தியது. மாணவர் அமைப்புக் காலத்திலிருந்தே மோரோவை அறிந்த பாப்பரசர் ஆறாம் பவுல், தள்ளாத உடம்போடு வந்து செபித்தார். நாட்டின் பெரிய தலைகள் எல்லாம் முன்வரிசையில். சவப்பெட்டி மட்டும் இல்லை.

அதே மே 9 காலையில் இன்னொரு உடல் கிடைத்தது. உடல் என்றுகூடச் சொல்ல முடியாது. பலேர்மோவிலிருந்து திராப்பனிக்குப் போகும் ரயில் பாதையில், சினிசி என்ற ஊருக்குக் கிட்ட, வெடிமருந்தால் சிதறிய துண்டுகள். பெப்பினோ இம்பஸ்தாத்தோ, வயது முப்பது. தகப்பன் மாஃபியாக் குடும்பம். மகனோ சின்ன வானொலி ஒன்றைத் தொடங்கி, ஊரின் மாஃபியாத் தலைவர் பதலமெந்தியைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தான். ஊருக்கு அவன் வைத்த பெயர் "மாஃபியோபொலி". கொன்று, தண்டவாளத்தில் போட்டு, வெடிக்கவைத்தார்கள். குண்டு வைக்கப் போன தீவிரவாதி தன் குண்டிலேயே செத்தான் என்று விசாரணை ஆரம்பமானது. நாடு முழுக்க மோரோவை அழுதுகொண்டிருந்த நாளில் அதைக் கேள்வி கேட்க யாருக்கு நேரம்? விடுபட்டுக் கிடந்த துண்டுகளைக் கூட்டாளிகள்தான் பைகளில் பொறுக்கி எடுத்தார்கள். உள்ளூராட்சித் தேர்தலில் அவன் வேட்பாளர். சில நாளில் தேர்தல் வந்தது, செத்தவனுக்கு ஊரார் வாக்குப் போட்டு உறுப்பினராக்கினார்கள்.

தாய் ஃபெலிச்சியா பழிக்குப் பழி வேண்டாம் என்று சொல்லி, கணவர் வழிச் சொந்தத்தை வெட்டிவிட்டு, நீதிமன்றத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பதலமெந்திக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2002இல். 24 ஆண்டுகள். அடுத்த இரண்டு ஆண்டில் அந்தத் தாயும் போய்விட்டார். பலேர்மோ விமான நிலையம் இருப்பதே சினிசி எல்லைக்குள்தான். இங்கே வந்து இறங்குகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலில் கால் வைப்பது பெப்பினோவின் மண்ணில். எனக்கு அது தெரியவர ஏழு வருடம் எடுத்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூன் 15இல் குடியரசுத் தலைவர் லெயோனே, விமானக் கொள்வனவு லஞ்ச விவகாரத்தில் சந்தேகம் கிளப்பப்பட்டுப் பதவி விலகினார். குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. இருபது ஆண்டு கழித்து, அவரைக் கடுமையாகத் தாக்கியவர்களில் சிலரே மன்னிப்புக் கேட்டார்கள். ஜூலை 8இல், பதினாறாவது சுற்று வாக்கெடுப்பில் சாந்த்ரோ பெர்த்தினி 832 வாக்குகளோடு அந்தப் பதவிக்கு வந்தார். முசோலினி காலத்தில் சிறையில் கிடந்தவர், அப்போது 81 வயது. ஓகஸ்ட் 6இல் ஆறாம் பவுல் இறந்தார். 26ஆம் தேதி, புதிய பாப்பரசர் தெரிவாகிவிட்டாரா என்று காட்டும் புகை வெள்ளையா கறுப்பா என்று சதுக்கத்தில் நின்றவர்களுக்கே விளங்கவில்லை, சிஞ்ஞோராவின் கறுப்பு வெள்ளை டிவியில் எப்படி விளங்கும்? அன்று தெரிவான முதலாம் ஜான் பால் 33 நாளில் இறந்துபோனார். ஒக்டோபரில் போலந்துக்காரர் இரண்டாம் ஜான் பால் வந்தார், 455 ஆண்டுகளில் இத்தாலியர் அல்லாத முதல் பாப்பரசர். வத்திக்கான் தனி நாடு என்று திருத்த வருபவர்கள் தயவுசெய்து எங்கள் சிஞ்ஞோராவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் 1978ஐ நான் எடுத்ததற்கு இந்தச் சாவுகள் மட்டும் காரணம் இல்லை. மோரோவுக்கான சடங்கு நடந்த அதே மே 13இல், மனநோய்க் காப்பகங்களை மூடச்சொன்ன 180ஆம் இலக்கச் சட்டம் வந்தது. த்ரியெஸ்தேயில் மனநோய்க் காப்பகத்தின் கதவுகளைத் திறந்துவிட்ட மருத்துவர் பசாலியாவின் பெயரால்தான் இன்றும் அதைச் சொல்வார்கள். பழைய காப்பகச் சட்டத்தை ஒழிக்க ஜூனில் மக்கள் வாக்கெடுப்பு வரவிருந்ததால், அதற்கு முந்திக்கொள்ள அவசரமாக நிறைவேற்றினார்கள். சிஞ்ஞோராவின் மூத்த அண்ணன் அப்படி ஒரு காப்பகத்தில் பதினெட்டு ஆண்டு இருந்தவர். உடனே வரவில்லை, சில ஆண்டுகள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். வந்தவரைப் பார்த்துக்கொள்ள அரசு ஒன்றும் ஏற்பாடு செய்திருக்கவில்லை, எல்லாம் தங்கையின் தலையில். "சட்டத்தை எழுதினவர்கள் எனக்கு ஒரு சமையற்காரியையும் எழுதியிருக்கலாம்" என்பார். ஆனாலும் அண்ணன் சாகும்வரை காலைக் கோப்பி குடித்த கதிரை பல்கனியில் இன்னும் இருக்கிறது. என்னை அதில் உட்கார விடமாட்டார்.

மே 22இல் கருக்கலைப்பை அனுமதித்த சட்டம். டிசெம்பர் 23இல் தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய 833ஆம் இலக்கச் சட்டம். அதுவரை எந்த வேலை செய்கிறாயோ அந்தத் தொழிலுக்கான காப்பு நிதிதான் வைத்தியம் பார்க்கும். அப்போது சுகாதார அமைச்சர் தினா அன்செல்மி, பதினேழு வயதிலேயே பாசிச எதிர்ப்புப் படைக்குத் தகவல் கொண்டுபோனவர். இன்று எனக்கும் சிஞ்ஞோராவுக்கும் ஒரே குடும்ப வைத்தியர். ஒரே கதிரை வரிசையில் காத்திருந்து, ஒரே மாதிரி அட்டையைக் காட்டுகிறோம்.

அந்த டிசெம்பர் 23 பிறந்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை, ரோமிலிருந்து நத்தாருக்கு ஊர் வந்துகொண்டிருந்த டிசி-9 விமானம் ஒன்று இதே சினிசிக் கடலில் விழுந்தது. 108 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகுக்காரர் 21 பேரைத் தூக்கி எடுத்தார்கள். ஆண்டு முடிகிற நேரத்திலும் விடவில்லை.

இதை எழுதி முடித்து, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சிஞ்ஞோராவுக்கு வாசித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார். "சாரா சிமெயோனி எங்கே?" ஓகஸ்ட் 4, பாப்பரசர் இறப்பதற்கு இரண்டு நாள் முந்தி, பிரேஷியாவில் உயரம் பாய்தலில் 2.01 மீட்டர் தாண்டி உலக சாதனை. அதே மாதம் பிராகாவில் திரும்பவும் அதே உயரம். எழுந்து நிற்கக் கஷ்டப்படுகிறவர், கைத்தடியைத் தலைக்கு மேலே தூக்கி, இவ்வளவு உயரம் என்று காட்டினார். எழுதிவிட்டேன்.