வயலில் வாழும் விசுவாசம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கதிர் முற்றி நிற்கிறது. ஞாயிறு சாயங்காலம் மழை என்கிறார்கள். ஆராதனையை விட்டுவிட்டு அறுக்கலாமா?

பதில்: விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய்ந்திரு என்கிறது யாத்திராகமம் 34:21. வேலை நெருக்கும் நாட்களையே கர்த்தர் குறிப்பிட்டுச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். அதே சமயம், ஓய்வுநாளில் துரவில் (கிணற்றில்) விழுந்த எருதைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டார் (லூக்கா 14:5). நனைந்தால் வருஷ உழைப்பே போய்விடும் என்றால், காலையில் ஆராதித்துவிட்டுப் போய் அறுங்கள். மனச்சாட்சி உறுத்த வேண்டாம். எல்லா ஞாயிறும் அவசர ஞாயிறாகவே இருந்தால் வேலைத் திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் ஆட்களுக்கும் மாடுகளுக்கும்கூட அந்த ஓய்வு உரியது (யாத்திராகமம் 23:12).

கேள்வி: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைத் தவறாமல் கொடுக்கிறோம். ஆனாலும் பூச்சி விழுந்து பாதி விளைச்சல் போய்விட்டது. எங்களிடம் ஏதோ பாவம் இருக்கிறதென்று சபையிலேயே பேசுகிறார்கள்.

பதில்: சகோதரி, எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் அவருடைய சிநேகிதர்களும் இப்படித்தான் பேசினார்கள். முடிவில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது (யோபு 42:7). பட்சித்துப் போடுகிறதைக் கண்டிப்பேன் என்ற மல்கியா 3:11ஐ உங்களிடம் காட்டுவார்கள். அது ஒரு ஜனம் முழுவதையும் மனந்திரும்ப அழைத்துச் சொன்ன வாக்கு. நொந்துபோன ஒரு குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அதை எடுக்கக் கூடாது. நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்கிறது. பூச்சியும் வேலி பார்த்து வருவதில்லை. ஆபகூக் 3:17, 18ஐ வாசியுங்கள். அத்தி, திராட்சை, ஒலிவம், தானியம், ஆடு, மாடு என்று போனதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தீர்க்கதரிசி கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். நீங்களும் இழப்பை மறைக்காமல் கர்த்தரிடம் சொல்லி அழலாம்.

கேள்வி: மருந்து அடிப்பது அவிசுவாசமா? ஜெபம் போதாதா?

பதில்: உளுந்தைக் கோலாலும் சீரகத்தை மிலாற்றாலும் (மெல்லிய குச்சியாலும்) அடிக்கிற பக்குவத்தை உழவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் தேவனே என்கிறது ஏசாயா 28. மண் பரிசோதனையும் விதைத் தேர்வும் அந்தக் கல்வியில்தான் சேரும். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியோடு பொறிவண்டும் நிறைய இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அது அசுவினியைத் தின்று குறைத்துவிடும். அடித்தே ஆக வேண்டுமென்றால், லேபிளில் சொன்ன நாட்கள் கழியாமல் அறுக்காதீர்கள். வீட்டுக்கென்று மருந்து படாத ஒரு பாத்தியை ஒதுக்கிவைத்து, நேற்று மருந்தடித்த காயை இன்று சந்தைக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிப்போகும் பிள்ளைகளும் நமக்கு அயலார்தானே?

கேள்வி: விளைச்சல் விற்ற பிறகு கூலியை மொத்தமாகக் கொடுக்கலாமா?

பதில்: அவர்களே மனதார ஒத்துக்கொண்டால் தவிர, கூடாது. பொழுதுபோகுமுன் கொடு என்கிறது உபாகமம் 24:15. அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு (5:4). காணிக்கை எடுத்துவைக்கும் முன் கூலிப் பாக்கியைத் தீருங்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

கேள்வி: பக்கத்து நிலத்துக்காரர் உழும்போதெல்லாம் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறார். மறுகன்னத்தைக் காட்டி விட்டுவிடவா?

பதில்: எல்லையை ஒற்றிப்போடுவதை, அதாவது நகர்த்திவைப்பதை, வேதம் சபிக்கிறது (உபாகமம் 27:17). முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் முறைப்படி அளக்கச் சொல்லுங்கள், அதில் பாவமில்லை. ராத்திரியில் போய்த் திருப்பி வெட்டாதீர்கள்.

கேள்வி: இயந்திரத்தால் அறுக்கிறோம். லேவியராகமம் 19:9 சொல்வதுபோல் வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காமல் ஏழைகளுக்கு விடுவது எப்படி?

பதில்: இயந்திரம் திரும்பும் மூலைகளில் கதிர் நிற்கும், உள்ளேயும் சிந்தும். அவற்றைத் திரும்பப் போய் வாராதீர்கள். பொறுக்கிக்கொள்ளலாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் யாரும் கூச்சப்பட்டு நிற்க மாட்டார்கள். வயல்காரரான போவாஸ், கதிர் பொறுக்க வந்த ஏழை விதவையான ரூத்துக்காகத் தன் வேலையாட்களுக்குக் கட்டளையிட்டதுபோல, வருகிறவர்களை அதட்ட வேண்டாமென்று உங்கள் ஆட்களிடமும் சொல்லிவையுங்கள்.