நீங்களும் ஒரு ட்ரெஸ்லவ்தான்!

கேள்வி: உலகிலேயே புத்திசாலி இனம் யூதர்கள். அவர்கள் பட்ட துயரமும் கொஞ்சமல்ல. அப்படிப்பட்டவர்களை ஹோவர்ட் ஜேக்கப்சன் ‘தி ஃபிங்க்ளர் கொஸ்டின்’ நாவலில் கோமாளிகளாக்கியிருக்கிறார். அதற்கு 2010இல் புக்கர் பரிசு வேறு! சொந்த இனத்தையே கேலி செய்வது இலக்கியமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இலக்கியம்தான். ஆனால் நாவலைப் பாதியிலேயே மூடிவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஏனென்றால் அதில் வரும் முதல் கோமாளி யூதனே இல்லை.

ஜூலியன் ட்ரெஸ்லவ் பிபிசி வானொலியிலிருந்து வெளியே வந்தவன். ஏதேதோ பிரபலங்களின் சாயல் இருப்பதால், விருந்துகளில் அவர்களைப் போலப் போய் நின்று பிழைக்கிறான். ஒருநாள் இரவு லண்டனில், வயலின் கடை வாசலில், ஒரு பெண் அவனை மடக்கி வழிப்பறி செய்கிறாள். போகிறபோக்கில் என்னவோ சொல்கிறாள். அது ‘யூ ஜூல்ஸ்’ (ஜூலியனின் செல்லப்பெயர்) என்பதா, ‘யூ ஜூ’ (யூதனே) என்பதா? பறிபோன பொருளை மறந்துவிட்டு இதை ஆராய ஆரம்பிக்கிறான். ஆராய ஆராய, தான் யூதனாகத்தான் இருக்கவேண்டும் என்ற ஆசை முற்றிவிடுகிறது!

அவனுக்கு இரண்டு யூத நண்பர்கள். ஒருவர் தொலைக்காட்சிப் புகழ் தத்துவக்காரர் சாம் ஃபிங்க்ளர், மற்றவர் தொண்ணூறை நெருங்கும் லிபோர். இருவருமே மனைவியை இழந்தவர்கள். துக்கத்தில்கூட இவர்கள் நம்மை முந்திவிட்டார்களே என்று பொறாமைப்படுகிற ஆள் ட்ரெஸ்லவ். யூதர் என்றாலே அறிவு, யூதர் என்றாலே துயரம் என்று மனசுக்குள் ஒரு பொம்மை செய்து வைத்திருக்கிறான். சரி, இப்போது உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு வாக்கியங்களை இன்னொருமுறை படியுங்கள். அவன் கண்ணில் பட்டிருந்தால் உங்களைக் கட்டிப்பிடித்திருப்பான்.

தலைப்பிலும் ஒரு குறும்பு இருக்கிறது. பள்ளித்தோழன் ஃபிங்க்ளரின் பெயரையே எல்லா யூதர்களுக்கும் பெயராக்கிக்கொண்டவன் ட்ரெஸ்லவ். அவன் பாஷையில் தலைப்பைப் படித்தால் ‘யூதர் கேள்வி’ என்று வரும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா சாவகாசமாக உட்கார்ந்து விவாதித்த சொற்றொடர் அது. அதற்குத்தான் நாஜிகள் ‘இறுதித் தீர்வு’ என்ற பெயரில் யூத இனப்படுகொலையைப் பதிலாக எழுதினார்கள். அதை எடுத்து ஒரு நகைச்சுவை நாவலின் அட்டையில் போட்டிருக்கிறார் ஜேக்கப்சன். இதை சொந்த இனத்தைக் கேவலப்படுத்துவது என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் சண்டை பிடித்திருக்க வேண்டிய இடம் வேறு. ஃபிங்க்ளர் போய்ச் சேருகிற ‘வெட்கப்படும் யூதர்கள்’ கூட்டம். இஸ்ரேலை எதிர்க்கும் அவர்களில் ஒருவர் தன் விருத்தசேதனத்தையே ரத்து செய்யப் படாதபாடு படுகிறார் (விவரம் இந்தப் பக்கத்துக்கு ஆகாது). சிரித்தேன். ஆனால் அந்த எதிர்ப்புக்கு ஒரு நியாயம் இருக்கலாம் என்பதை ஜேக்கப்சன் அதிகம் கண்டுகொள்வதில்லை. அங்கே கேலி வற்றி எரிச்சல் எட்டிப்பார்க்கிறது.

உங்கள் கேள்வி புதிதுமல்ல. சலுகைக்காக யூத சார்ஜென்டையே ஏய்க்கிற யூதச் சிப்பாயைப் பற்றி 1959இல் அமெரிக்க யூத எழுத்தாளர் பிலிப் ராத் ஒரு சிறுகதை எழுதினார். நம் குடும்ப விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று ரப்பிகள் (யூத மதகுருக்கள்) அவர்மேல் பாய்ந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து 14 வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுக்கும் முன்னாலேயே கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் ஷோலம் அலேகெம் சொந்த ஊர்க்காரர்களை வைத்துச் சிரித்தாகிவிட்டது. 1916இல் இறந்த அவர், என் பெயரைச் சிரிப்போடு நினையுங்கள், இல்லாவிட்டால் நினைக்கவே வேண்டாம் என்று உயிலிலேயே கேட்டுக்கொண்டவர்.

ஜேக்கப்சன் ஒத்துவரவில்லை என்றால் 2022இல் புலிட்சர் பெற்ற ஜோஷுவா கோஹனின் ‘தி நெதன்யாகூஸ்’ படித்துப்பாருங்கள். 1959-60 குளிர்காலம். ரூபன் ப்ளூம் வரி வரலாறு சொல்லித்தருபவர், அந்த அமெரிக்கக் கல்லூரியின் ஒரே யூத ஆசிரியர். ஸ்பானிய யூதர் வரலாற்றில் ஊறிய பென்சியன் நெதன்யாகு அங்கே வேலைக்கு வருகிறார். ‘நீயும் யூதன்தானே’ என்று அவரை எடைபோடும் பொறுப்பு ப்ளூம் தலையில் விழுகிறது. வருகிறவர் மனைவி, மூன்று மகன்கள் சகிதம் வந்து இறங்குகிறார். (நடு மகன் யார் என்று உங்களுக்குத் தெரியும்: பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான பெஞ்சமின்.) கல்லூரியின் கிறிஸ்துமஸ் விருந்தில் சாண்டா வேஷமும் ப்ளூமுக்குத்தான். அப்போதுதான் மற்றவர்கள் நிம்மதியாகப் பண்டிகை கொண்டாட முடியுமாம்!