ஜூலைல கலிஃபோர்னியா போறவங்க சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு போகணுமா?

கண்டிப்பா எடுத்துக்கோங்க. பக்கத்து பக்கத்து ஊருக்கே வெதர் வேற வேறயா இருக்கறதத்தான் மைக்ரோகிளைமேட்னு சொல்றாங்க. ஜூலை மத்தியானம் சான் ஃபிரான்சிஸ்கோல பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ் கிட்டதான், சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி சாக்ரமெண்டோல 34, அதே மாநிலத்துல இருக்கற டெத் வேலி பாலைவனத்துல 45க்கும் மேல! காரணம் என்னன்னா, சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல பசிஃபிக் கடல் தண்ணி கோடையிலயும் ஜில்லுனு இருக்கும், அதுக்கு மேல இருக்கற ஈரக்காத்து குளிர்ந்து மூடுபனியாயிடும், உள்பக்கம் சென்ட்ரல் வேலிங்கற பள்ளத்தாக்குல சூடான காத்து மேல ஏற ஏற அந்த மூடுபனி கோல்டன் கேட்ங்கற ஜலசந்தி வழியா உள்ள வந்துடும், கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா ஜன்னல் வழியா வெளிக்காத்து உள்ள வருமே அது மாதிரி. சில நாள் அங்க இருக்கற கோல்டன் கேட் பாலத்தோட தூண் உச்சி மட்டும்தான் தெரியும், ரோடே தெரியாது, அவ்ளோ அழகு. ஜூலைதான் அந்த ஊர்ல சூடான மாசம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, உண்மைல அது செப்டம்பர்.